பதினாறு வாசல், ஒரு மோதல்கூட இல்லை

1

இந்த மாதத்தோடு நான் நெதர்லாந்துக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. உத்ரெக்ட் என்ற ஊரில், கால்வாய் ஓரத்தில் ஒரு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்து வருஷம் முடிந்தால் அலுவலகத்தில் கேக் உண்டு. ஆனால் அந்தக் கேக்கை வாங்கிக்கொண்டு போக வேண்டியது நான். இங்கே யாருக்கு விசேஷமோ அவரே தின்பண்டம் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் முதல் வருஷம் என் பிறந்தநாளன்று புதுச் சேலை கட்டிக்கொண்டு போய், யாராவது கேக்கோடு வருவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். அவர்கள் நான் கொண்டுவருவேன் என்று காத்திருந்தார்கள். இரண்டு தரப்பும் பசியோடு வீட்டுக்குப் போனோம்.

இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. தூத்துக்குடியிலிருந்து மூன்று கிலோ முந்திரி மக்ரூன் வந்து இறங்கிவிட்டது. அனுப்பியவள் என் மதினி சொர்ணம். பார்சல் படிவத்தில் 'உள்ளே இருக்கும் பொருள்' என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தது, 'சாப்பிடுவது'. அவ்வளவுதான். என்ன சாப்பிடுவது, யார் சாப்பிடுவது என்று கேட்டுச் சுங்கத்துறை எனக்கு இரண்டு கடிதம் போட்டது.

சொர்ணம் என் அண்ணன் மனைவி. அதற்கு முன்னால் சாயர்புரம் கல்லூரியில் என் வகுப்புத் தோழி, ஒரே பெஞ்சு. அண்ணனைக் கட்டிக்கொண்ட அன்றைக்கே, இனிமேல் பேர் சொல்லக்கூடாது, மதினி என்று கூப்பிடு என்று அம்மா சட்டம் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து மதினி என்றுதான் கூப்பிடுகிறேன், ஆனால் மரியாதை இன்னும் வந்து சேரவில்லை. அவள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் சூப்பர்வைசர். எந்த லாரி எப்போது வந்தது, எந்தக் கேட்டுக்குப் போகிறது, ஏன் போகாமல் நிற்கிறது, எல்லாம் அவளைக் கேட்டுத்தான் நடக்கும்.

என் பேர் செல்வி. இந்த ஊர்க்காரர்கள் 'வி'யை அழுத்தி 'ஃபி' ஆக்கிவிடுவார்கள். ஆகவே ஐந்து வருஷமாக நான் செல்ஃபி. முதல் மாதம் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

2

ஐந்து வருஷம் முடிந்தால் கேக் மட்டும் அல்ல, நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குடியேற்ற அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். இந்த நாட்டில் பல்லைப் பிடுங்கவும் நேரம் வாங்க வேண்டும், தலைமுடி வெட்டவும் நேரம் வாங்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரோடு காபி குடிக்கவும் நேரம் வாங்க வேண்டும். எனக்கு டச்சு மொழியில் 'அரை மூன்று மணி' என்று நேரம் கொடுத்தார்கள். நான் சரியாக மூன்றரைக்குப் போய் நின்றேன். அரை மூன்று என்றால் இவர்களுக்கு இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி வந்துவிட்டார்களாம். இது ஐந்தாம் வருஷத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மொழித் தேர்வில்கூட நான் தேறியிருக்கிறேன். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோய்விட்டது. இருந்தாலும் கவுண்டரில் இருந்த பெண் இரக்கப்பட்டு என் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார்.

முதல் சந்தேகம், நான் பிறந்த ஊர். பிறப்புச் சான்றிதழில் புதுக்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம். பாஸ்போர்ட்டில் புதுக்கோட்டை, தூத்துக்குடி மாவட்டம். அவர் கணினியில் தேடினால் வந்தது மூன்றாவதாக ஒரு புதுக்கோட்டை, எங்கேயோ வடக்கே, ராஜா ஆண்ட ஊர். "இதில் நீங்கள் எதில் பிறந்தீர்கள்?" என்று கேட்டார். எங்கள் புதுக்கோட்டை தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கிற சின்ன ஊர் என்றும், நான் பிறந்தபோது அது ஒரு மாவட்டத்தில் இருந்தது, அப்புறம் இன்னொரு மாவட்டமாகிவிட்டது என்றும் சொன்னேன். "பிறந்த பிறகு இடம் மாறினீர்களா?" என்றார். "நான் மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது" என்றேன். அவர் அதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டார்.

இரண்டாவதுதான் நிஜமான சிக்கல். இன்னும் ஒரு வருஷமாவது எனக்கு வேலை இருக்கும் என்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். என் ஒப்பந்தமோ இரண்டு மாதத்தில் முடிகிறது. என் வீட்டுக்காரரின் அனுமதியும் மகள் நிலாவின் அனுமதியும் என் அனுமதியில்தான் தொங்குகின்றன.

நிலாவுக்குப் பன்னிரண்டு வயது. வரும்போது ஏழு. ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்றால் தமிழில் பேசுவாள், மற்ற நேரமெல்லாம் டச்சு. கடைக்காரர் முன்னால் என் உச்சரிப்பைத் திருத்துவாள். அவள் தோழிகள், அவள் பள்ளிக்கூடம், அவள் சைக்கிள் எல்லாம் இங்கேதான். கடிதம் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கும் போக மனசில்லை. ஊரைவிட்டு வந்தவர்கள் எழுதும்போது இதைச் சொல்லக்கூடாது போலிருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது, இந்த வேலை அதைவிடப் பிடித்திருக்கிறது.

3

என்ன வேலை என்று கேட்டால் அம்மா 'கம்ப்யூட்டர்' என்று சொல்லி முடித்துவிடுவாள். நான் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பயப்பட வேண்டாம். நீங்கள் போனில் பார்க்கிற படமும் அனுப்புகிற செய்தியும் சின்னச் சின்னப் பொட்டலங்களாக உடைந்துதான் போகின்றன. வழியில் ஸ்விட்ச் என்று ஒரு பெட்டி இருக்கும். எங்கள் பெட்டியில் உள்ளே வரப் பதினாறு வாசல், வெளியே போகப் பதினாறு வாசல். ஒவ்வொரு பொட்டலமும் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று நெற்றியில் எண் ஒட்டிக்கொண்டு வரும். ஒரே நேரத்தில் இரண்டு பொட்டலம் ஒரே வாசலைக் கேட்டால் ஒன்று போகும், மற்றது நிற்கும். அது நின்றால் அதன் பின்னால் வரிசையில் இருப்பதெல்லாம் நிற்கும். பின்னால் நிற்பவனுடைய வாசல் காலியாகக் கிடந்தாலும் முன்னால் நிற்பவனைத் தாண்டிப் போக முடியாது. இதனால்தான் பெட்டி தன் முழுத் திறனையும் காட்டாது.

ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனி வரிசை வைத்தால் இந்தத் தொல்லை தீரும், ஆனால் செலவும் சிக்கலும் கூடும். எங்கள் தலைவர் ஹெங்க், தலை நிலைவாசலில் இடிக்கிற உயரம் உள்ளவர், ஒரே வரிசையை வைத்துக்கொண்டே சமாளிக்க ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார். இருவர் மோதினால் யாரை முதலில் விடுவது என்று தீர்மானிக்கிற தந்திரம். அது பலிக்கிறதா என்று சிப் செய்வதற்கு முன்னாலேயே கணினிக்குள் பொய்யாக ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்குப் பொய்ப் பொட்டலங்கள் வேண்டும், அவற்றின் வாசல் எண்கள் குருட்டாம்போக்கில் வர வேண்டும்.

முதல் வருஷம் ஹெங்க் உன் ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டார். முத்துக்குளிப்பு என்றேன். இப்போது கிடையாது, கடலில் சிப்பி இல்லை. அந்தக் காலத்தில் ஏலத்துக்கு முன்னால் கடலடிப் பாறைத் திட்டான பாரிலிருந்து கொஞ்சம் சிப்பி அள்ளி, திறந்து பார்த்து, இந்த வருஷம் முத்து எப்படி என்று மதிப்புப் போடுவார்கள். மிச்சத்தைத் திறக்காமல் குவியல் குவியலாக ஏலம் விடுவார்கள். "கொஞ்சத்தைப் பார்த்து மொத்தத்தைச் சொல்கிற இந்த வேலையை நீ அங்கேயே கற்றுக்கொண்டு வந்துவிட்டாய்" என்று ஹெங்க் சிரித்தார்.

கேக் நாளுக்கு முந்தின வாரம் பெட்டியின் ஒவ்வொரு வாசலிலும் எந்நேரமும் ஒரு பொட்டலம் நிற்கும்படி வைத்து முழுச் சுமையில் ஓட்டினேன். உள்ளே பதினாறு, வெளியே பதினாறு. மறுபடி பதினாறு, பதினாறு. நூற்றுக்கு நூறு. தொடக்க எண்களை மாற்றி இருபது தடவை ஓட்டினேன். இருபது தடவையும் கடைசிப் புள்ளி வரை அதே நூறு. என்ன துல்லியம் என்று ஹெங்க் மேசையைத் தட்டினார். நானும் தட்டினேன். அந்த நூறைக் காட்டும் கோட்டுப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். அடுத்த வியாழக்கிழமை வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், சிப் செய்யக் கையெழுத்து ஆகிவிடும், அன்றைக்கே உனக்குக் கடிதம் என்றார். அந்த வியாழக்கிழமைதான் என் ஐந்து வருஷக் கேக் நாளும். நான் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது எதிர்க்காற்று அடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை காலையில் சொர்ணத்தைக் கூப்பிட்டேன். அவளுக்கு மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

"என்னளா, மூஞ்சி பூரிச்சுப்போயி கெடக்கு. பார்சல் வந்துட்டா?"

"வந்துட்டு மதினி. அத விடு, பெரிய சமாச்சாரம் இருக்கு" என்று ஆரம்பித்து, அவளுக்குப் புரியும்படி லாரி வைத்துச் சொன்னேன். பதினாறு ரோடு, பதினாறு கேட்டு, எந்த லாரி எந்தக் கேட்டுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

அவள் பல் குத்திக்கொண்டே கேட்டாள். "ஒரு தடவ கூடயா ரெண்டு வண்டி ஒரே கேட்டுக்கு வரல?"

"வரல."

"மொத்தம் எத்தன வண்டி ஓட்டுன?"

"கோடிக்கணக்குல ஓட்டியாச்சு."

"அப்ப டிரைவர்மாரு எல்லாம் முந்துன நாளே பேசி வச்சுட்டு வாரானுவ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது கணிதம், உன் யார்டு மாதிரி இல்லை என்றேன். அவள் அசரவில்லை.

"கேளு. போன மாசம் எங்க ரெண்டாம் கேட்டு ரிஜிஸ்தரப் பாக்கேன். பத்து நிமிசத்துக்கு ஒரு லாரி. ஒம்பது, ஒம்பது பத்து, ஒம்பது இருவது. ரிஜிஸ்தர் எழுதுத அண்ணாச்சிட்ட கேட்டேன், நீங்க கேட்டுல நிக்கல, டீக்கடையில இருந்து எழுதியிருக்கியன்னு. மனுசன் அரண்டுட்டாரு. எப்படி மேடம் கண்டுபிடிச்சியங்காரு. ஏளா, லாரி என்னைக்கு அப்படி வந்திருக்கு? காலம்பற ஒண்ணும் வராது. கப்பலு அணைஞ்சுட்டுன்னு தெரிஞ்சா முப்பது வண்டியும் ஒண்ணாப்போல வந்து மூக்க நீட்டும். அதுல இருவது வண்டி மூணாம் கேட்டுக்குத்தான் போவேன்னு நிக்கும். மோதாம வந்துச்சுன்னா அது ரோட்டுல இருந்து வரல, ஒருத்தன் மனசுல இருந்து வருது."

"சரி, உனக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

"சவத்த விடு. மக்ரூன் ஒடைஞ்சுதா ஒடையலையா, அதச் சொல்லு" என்றாள்.

அதற்குள் நிலா வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். என்னிடம் தமிழ் பேச மறுக்கிற பெண், சொர்ணத்திடம் மட்டும் "அத்த, அங்கன மழ பெய்யுதா" என்று இழுத்து இழுத்துப் பேசுகிறாள். இந்த வீட்டில் யாரும் 'அங்கன' என்று சொல்வதில்லை. முழுக்க முழுக்க போன் வழியாக இறக்குமதியான சரக்கு.

5

திங்கட்கிழமை சைக்கிள் மிதிக்கும்போது 'பேசி வச்சுட்டு வாரானுவ' என்பது மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அலுவலகம் போனதும், சும்மா, அவள் வாயை அடைக்கத்தான், நிரலில் ஒரு வரி சேர்த்தேன். ஹெங்க்கின் தந்திரம் எத்தனை தடவை கூப்பிடப்பட்டது என்று எண்ணுகிற வரி. மோதல் வந்தால்தான் தந்திரத்துக்கு வேலை. ஓட்டினேன். விடை பூஜ்யம்.

கோடிக்கணக்கான பொட்டலங்களில் ஒரு மோதல்கூட இல்லை. ஹெங்க் இரண்டு வருஷம் மூளையைக் கசக்கிச் செய்த தந்திரத்தை ஒரு பொட்டலம்கூடக் கூப்பிட்டு உதவி கேட்கவில்லை. சுவரில் ஒட்டிய படம் அவருடைய தந்திரத்தின் படமே அல்ல.

வாசல் எண்களைக் குருட்டாம்போக்கில் உண்டாக்குகிற பகுதியைத் திறந்தேன். மூன்றே வரி. என் தொழிலில் எல்லோரும் இப்படி ஒரு பழைய மூன்று வரியை வேலைக்கு வேலை தூக்கிக்கொண்டு திரிவார்கள், யாரும் திறந்து பார்ப்பதில்லை. என்னுடையது சாயர்புரம் கல்லூரி ஆய்வகத்தில், ரெக்கார்ட் நோட்டுக்காக எழுதியது. கணினிக்குக் குருட்டாம்போக்கு தெரியாது. ஒரு எண்ணைக் கொடுத்தால் சூத்திரம் போட்டு அடுத்த எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். தொடங்குவதற்கு ஒரு விதை எண் வேண்டும். எங்கள் வகுப்புப் பிரிவில் பதினாறு பேர். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதக்கூடாது என்பதற்காக, அவரவர் வரிசை எண்ணையே விதையாகப் போடுங்கள் என்று ஆசிரியர் சொன்னார். நான் ஏழு, சொர்ணம் எட்டு. ஒன்று முதல் பதினாறு வரை சீட்டு எடுப்பதுபோல ஆளுக்கு ஆயிரம் எண் எடுத்து நோட்டில் எழுதினோம். ஒரு வரியில்கூட எந்த இருவருடைய எண்ணும் ஒத்துப்போகவில்லை. யாரும் காப்பி அடிக்கவில்லை என்று ஆசிரியருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் வாசலின் எண்ணையே அதன் விதையாகப் போட்டிருந்தேன். மாற்றிப் போட்ட இருபது தடவையும் எல்லா வாசலுக்கும் ஒரே எண்ணைக் கூட்டித்தான் போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் நிலாவுக்கு மக்ரூனை வைத்து விளக்கினேன். பதினாறு மக்ரூனை வட்டமாக அடுக்கி, "இது நாற்காலி. ஒவ்வொரு நாற்காலியிலயும் அடுத்து எந்த நாற்காலிக்குப் போகணும்னு ஒரு சீட்டு இருக்கு. எந்த ரெண்டு சீட்டுலயும் ஒரே எண் இல்ல. பதினாறு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில ஆரம்பிச்சா என்ன ஆகும்?" என்றேன்.

அவள் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தாள். "யாரும் யார் மடியிலயும் உட்கார மாட்டாங்க."

"எத்தன தடவ ஓடினாலும்?"

"எத்தன தடவ ஓடினாலும். அப்போ இது விளையாட்டே இல்லையே" என்று மூன்றாம் நாற்காலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எங்கள் சூத்திரம் செய்ததும் அதேதான். அந்த டிரைவர்கள் பேசி வைக்கவில்லை, நான்தான் ஒவ்வொருவர் கையிலும் சீட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒழுங்கான சூத்திரம் போட்டு, ஒவ்வொரு வாசலுக்கும் சம்பந்தமில்லாத விதை கொடுத்து ஓட்டினேன். பெட்டி முக்கால்வாசித் திறனைக்கூடத் தொடவில்லை. இருபது தடவை ஓட்டினால் இருபது எண், ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. அந்தச் சின்ன ஆட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கிறுக்குப் பிடித்தாற்போல் சந்தோஷம் வந்தது. அது நிஜம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. அடுத்த நிமிஷமே கடிதம் ஞாபகம் வந்தது.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. சிப் செய்து கைக்கு வர ஒரு வருஷம் ஆகும். அதற்குள் வசிப்புரிமை கையில் இருக்கும். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். புதன்கிழமை மத்தியானம் கால்வாய்க்கரையில் நின்றுகொண்டு சொர்ணத்தைக் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை இது.

"அந்த மூணு வரி நான் எழுதுனதுல்லா? நீ என்னப் பாத்துதான எழுதுன."

"நீதான் என்னப் பாத்து எழுதுன."

"ஏளா, வாய்கூசாமச் சொல்லுத. சரி, நாளைக்கு என்ன செய்யப் போற?"

"சொன்னா கடுதாசி போச்சு. நிலா பள்ளிக்கூடம் போச்சு. சொல்லாம இருந்தா?"

"நீயா? ரெக்கார்ட் நோட்டுல மை கொட்டுனத ஒரு நாளு மறைக்க மாட்டாம ஸ்டாப் ரூமுல போயி அழுத ஆளு. ஒரு வருசம் தாங்குவியா? டெய்லி எனக்குப் போன் போட்டு உயிர வாங்குவ. எனக்கு இங்க முப்பது லாரி நிக்கி. போயிச் சொல்லிரு. திரும்பி வந்தா வா, எங்க ரெண்டாம் கேட்டுல ஆளு இல்ல."

நான் சிரித்ததில் கால்வாயில் இருந்த வாத்து ஒன்று திரும்பிப் பார்த்தது.

6

வியாழக்கிழமை காலை மக்ரூனை ஒரு பெரிய தட்டில் அடுக்கினேன். வழியில் பாதி நொறுங்கியிருந்தது, நொறுங்கியதைக் கீழே வைத்து முழுசானதை மேலே வைத்தேன். எல்லோரும் வந்து வரிசையாகக் கைகொடுத்து 'வாழ்த்துகள் செல்ஃபி' என்றார்கள். ஹெங்க் இரண்டு எடுத்தார். அவர் வாய் நிறைய இருக்கும்போதே சொல்லிவிட்டேன். அப்போதுதான் குறுக்கே பேச முடியாது.

அவர் மென்று முடித்தார். "ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்லை. உங்கள் தந்திரத்தை யாரும் கூப்பிடவே இல்லை. நான் அள்ளியது எல்லாம் பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்த சிப்பி."

இங்கே மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். "இது மிக மோசமான தவறு" என்றார் ஹெங்க். "ஆமாம்" என்றேன். "ஐந்து வருஷமாக யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை" என்றார். அப்புறம் சுவருக்குப் போய்ப் படத்தைப் பிய்த்தார். நான்கு மூலையிலும் ஒட்டுநாடா மட்டும் மிச்சம் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

வாடிக்கையாளர்கள் பத்து மணிக்கு வந்துவிட்டார்கள். ஹெங்க் மழுப்பவில்லை. என்னையே எழுந்து சொல்லச் சொன்னார். அவர்களில் தலைவியான அம்மாள் நரைத்த குட்டை முடி வைத்திருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் தூத்துக்குடி யார்டு, இரண்டாம் கேட்டு, டீக்கடை ரிஜிஸ்தர், ஒன்றாக வந்து மூக்கை நீட்டுகிற முப்பது லாரி எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் டச்சு தீர்ந்துபோய்க் கையால் லாரி ஓட்டினேன்.

"எங்கள் பொட்டலங்களும் அப்படித்தான் வருகின்றன, கும்பலாக" என்றார் அந்த அம்மாள். "தனித்தனி வரிசை வைத்து, இந்த லாரி மாதிரியான போக்குவரத்தையும் வைத்துச் சோதித்துக் காட்ட எவ்வளவு காலம் ஆகும்?"

ஹெங்க் என்னைப் பார்த்தார். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். "ஒன்றரை வருஷம்."

"யார் செய்வது?"

 ஐந்து வருஷமாக அந்த நிரலை நான் ஒருத்திதான் எழுதியிருக்கிறேன், வேறு ஒருவருக்கும் அதில் கை வைக்கத் தெரியாது. ஹெங்க் நீண்ட பெருமூச்சு விட்டார். "செல்ஃபிதான்" என்றார்.

சாயங்காலம் என் மேசைமேல் கடிதம் இருந்தது. இன்னும் பதினெட்டு மாதத்துக்கு இவருக்கு வேலை உண்டு, கீழே கையெழுத்து. ஹெங்க் அதை வைத்துவிட்டுப் போய்விட்டார், வெள்ளிக்கிழமை முழுக்க என்னோடு பேசவே இல்லை. அவருடைய இரண்டு வருஷ உழைப்பு போயிருக்கிறது, நியாயம்தான். தட்டில் மிச்சமிருந்த மக்ரூன் தூளை மட்டும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

சொர்ணத்திடம் சொன்னபோது, "தப்புப் பண்ணவளுக்கு ஒன்றர வருசம் வேல போட்டுக் குடுக்கான். நல்ல ஊருதாம்ளா" என்றாள். அப்புறம், தன் யார்டில் ஒரு மாதத்துக்கு எந்த லாரி எந்த நிமிஷம் எந்தக் கேட்டுக்கு வந்தது என்று எழுதித் தருவதாகச் சொன்னாள். டீக்கடையில் இருந்து அல்ல, கேட்டில் நின்று.

7

அடுத்த வாரம் குடியேற்ற அலுவலகத்துக்கு நிலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவையும் அரை மூன்று மணிதான். நான் இரண்டு மணிக்கே போய் நின்றுவிட்டேன்.

உள்ளே ஏழு கவுண்டர், ஆனால் ஒரே ஒரு வரிசை. எனக்கு முன்னால் ஒரு தாத்தா, கையில் தடித்த கோப்பு. அவருக்கு நான்காம் கவுண்டர் வேண்டும், அங்கே ஒரு குடும்பமே உட்கார்ந்து கைரேகை வைத்துக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டியது ஏழாம் கவுண்டர். அது காலி. அங்கே இருந்த பெண், முன்பு என் காகிதங்களைப் பார்த்த அதே பெண், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார், நடுவில் தாத்தா. தாண்டிப் போக விதி இல்லை. காவலர் கையைக் காட்டி, வரிசை, வரிசை என்றார். எங்கள் பெட்டியே நாற்காலி போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

நிலாவுக்கு மானம் போயிற்று. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று டச்சில் சீறினாள். நான் அவள் காதில், "அந்தத் தாத்தாதான் பொட்டலம், நாமளும் பொட்டலம். ஏழாம் வாசல் காலியாக் கெடக்கு, போக முடியல பாத்தியா" என்றேன். அவள் தாத்தாவைப் பார்த்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பெண்ணைப் பார்த்தாள், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சவத்த விடும்மா" என்றாள்.

நாற்பது நிமிஷம் நின்றோம். கடைசியில் தாத்தா நகர்ந்தார், நாங்கள் ஏழுக்குப் போனோம். அந்தப் பெண் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பதினெட்டு மாதம் என்ற இடத்தில் விரல் வைத்தார். பிறந்த ஊர் கட்டத்தில் 'மாவட்டம்தான் மாறியது' என்று அவர் முன்பு தட்டச்சு செய்த குறிப்பு அப்படியே இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, முடிவு வீட்டுக்கு வரும், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி முத்திரை குத்தினார். மேசைக்குக் கீழே நிலா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

காகிதங்களைத் திருப்பித் தரும்போது அந்தப் பெண் மரியாதைக்குக் கேட்டார், வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாகிவிட்டதா என்று.

"ஆமாம்" என்றேன். "ரொம்ப நன்றாக இருந்தது."